கண்டவர் பெயர்

டன்டெனோங் மலையடி, அவுஸ்திரேலியா
18.5.1997

அன்பான அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நானும் இவரும் சுகமாயிருக்கிறோம். உங்களுக்கும் யோசெப் அத்தானுக்கும் றொஷினிக்கும் அதே சுகம் கிடைக்க மன்றாடுகிறேன். முழங்கால் நோவுக்கு வைத்தியரிடம் போனீர்களா?

நான் துணி தோய்க்கும் முதியோர் இல்லத்துக்கு பஸ்ஸால் இறங்கி இருபது நிமிடம் நடக்கவேண்டும். பாதை ஒரு காட்டுப் பள்ளத்துக்குள்ளால் போகிறது. ஆளை விட உயரமான பன்னச் செடிகள், விழுந்து உக்கிப்போன பெரிய மரங்கள். மழை தொடங்கியதும் அந்த மரங்களில் காளான் வந்துவிட்டது. ஒன்று நல்ல நீலம். சின்னவிரல் நகத்தளவு குடை. அதைப் பார்த்துக்கொண்டு நின்று போன கிழமை வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன்.

இல்லத்து அறிவித்தல் பலகையில் ஒரு சங்கத்தின் தாள் குத்தியிருந்தது. இந்த நாட்டுக் காளான்களில் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஆராய்ச்சிக்காரர் போதாதாம். அதனால் எங்களைப் போன்ற சாதாரண சனங்களைக் கண்டதை எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். படம் போட்ட பட்டியலும் தருகிறார்கள். எந்த நாள், எந்த இடம், என்ன மரம் என்று எழுதவேண்டும். ஒவ்வொரு பதிவும் நாட்டின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகுமாம். படிவம் ஆங்கிலத்தில் என்றபடியால் இவரிடம் கொடுத்தேன். இவருக்கும் நல்ல விருப்பம். ஞாயிறு பூசை முடிந்து வந்து நிரப்புகிறார்.

உங்கள் செபங்களில் என்னையும் சேருங்கள்.
தங்கை கிறேஸ்


செயின்ட்-மிஷேல், மொன்றியல்
8.6.1997

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நடமாடுகிறோம். நீயும் பற்றிக்கும் குளிருக்குக் கவனமாக இருங்கள். என் முழங்கால் படியிறங்கும்போது மட்டும் கத்துகிறது. இந்த ஊர் வீடுகளுக்கு வெளிப்பக்கத்தால் இரும்புப்படி வைக்கலாம் என்று கண்டுபிடித்தவனை நான் ஒருநாள் சந்திக்கவேண்டும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். கண்ட காளானை வாயில் வைத்துவிடாதே. சின்னனில் சோக்குக்கட்டி தின்றவள் நீ, அதனால்தான் சொல்கிறேன்.

இங்கே கார்தெறி என்று சொல்லும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நான்தானே குசினி. பருப்பும் பூசணியும் போட்டு ஒரு சூப் வைக்கிறேன், பிள்ளைகள் கோப்பையை வழித்து நக்குகிறார்கள். போன மாதம் வாசல் பலகையில் "எங்கள் இயக்குநரின் சூப்" என்று எழுதி ஒட்டிவிட்டாள் நிலையத்தை நடத்தும் அந்த மனுசி. தேங்காய்ப்பாலை எப்போது விடவேண்டும் என்றாவது அவளுக்குத் தெரியுமா? தாய்மார் வந்து அவளிடம் செய்முறை கேட்கிறார்கள், அவளும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டி கழுவினேன்.

அது கிடக்கட்டும். நீ காண்கிறாய், பற்றிக் நிரப்புகிறார் என்று எழுதியிருக்கிறாய். படிவத்தில் யாருடைய பெயர்?

அன்பு அக்கா,
செல்வமலர்


டன்டெனோங் மலையடி
20.7.1997

அன்பான அக்காவுக்கு,

சுகம். உங்கள் மூவர் சுகத்துக்கும் போன சனிக்கிழமை ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். இங்கே நல்ல குளிர், நல்ல மழை, அதனால் நல்ல காளான்.

அக்கா, நான் ஒன்று கண்டேன். இதை உங்களுக்கு எழுதாமல் இருக்கமுடியவில்லை. ஒரு விழுந்த மரத்தின் அடியில், ஒரே தண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு தட்டு, மேலே போகப் போகச் சின்னதாக, கலியாணக் கேக் மாதிரி. கீழ்ப்பக்கம் இளஞ்சிவப்பு. பட்டியலில் இதற்குப் பெரிய லத்தீன் பெயர் இருக்கிறது. நான் கோபுரக் காளான் என்று வைத்திருக்கிறேன். இந்த மலைப்பக்கம் இதுவரை யாரும் பதியவில்லையாம். சேறு பிரளக் குந்தியிருந்து தட்டுகளை எண்ணினேன்.

கண்டதும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிவிடுவேன், நாள், மரம், நிறம், மணம் எல்லாம். ஞாயிறன்று மேசையில் இவர் அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் போடுகிறார். எழுதி முடிந்ததும் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார். இவருக்கு மேசை துப்பரவாக இருக்கவேண்டும். இதுவரை நாற்பத்துமூன்று அனுப்பியாயிற்று. சங்கத்தில் இவரை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். நான் றோல்ஸ் நாற்பது பொரித்துக் கொடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்து வெறும் பெட்டிதான் திரும்பி வந்தது.

றொஷினிக்கு என் முத்தம்.
கிறேஸ்


மொன்றியல்
17.8.1997

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு மெழுகுதிரி கொளுத்தியதற்கு நன்றி. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத மறந்துவிட்டாய். மறந்தாயா, விட்டாயா?

நாற்பத்துமூன்றையும் கண்டது நீ. சேற்றில் குந்தியிருந்து தட்டு எண்ணியது நீ. கூட்டத்தில் பேசியது பற்றிக். உன் கையில் கிடைத்தது வெறும் றோல்ஸ் பெட்டி. அந்தப் பள்ளத்துக்குள் பற்றிக் எத்தனை தரம் வந்திருக்கிறார்? விரலை மடக்கி எண்ணிச் சொல்லு. நீ எழுதிய தாளைக் கசக்கி எறிய அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

உனக்குக் கோபம் வராவிட்டால் பரவாயில்லை, எனக்கு உன் பங்குக்கும் சேர்த்து வருகிறது. இந்த முறை பதில் வேண்டும்.

செல்வமலர்


டன்டெனோங் மலையடி
9.11.1997

அன்பான அக்காவுக்கு,

நீண்ட நாளாக எழுதாததற்கு மன்னிக்கவேண்டும். சுகத்துக்குக் குறைவில்லை. இல்லத்தில் ஒரு தோய்க்கும் இயந்திரம் பழுது, அதனால் வேலை கூட. அங்கே பனி தொடங்கிவிட்டதா? அத்தானின் சளி எப்படி? பெரியகோவில் ஞானேந்திரன் சுவாமி மாற்றலாகிப் போகிறார் என்று ஊர்க் கடிதம் வந்தது.

இந்த வருசம் மழை நேரத்துக்கே நின்றுவிட்டது. பள்ளம் காய்ந்து கிடக்கிறது.

சங்கத்தின் சஞ்சிகை வந்தது. ஒரு பக்கத்தைப் படப்பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். இவருடைய படம் வந்திருக்கிறது. படத்தில் கொஞ்சம் வயது போனமாதிரித் தெரிகிறார்.

கிறேஸ்


மொன்றியல்
14.12.1997

கிறேசுக்கு,

நாங்கள் சுகம். நத்தார், புதுவருச வாழ்த்து. இனி விசயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பக்கத்தை அனிருத்தின் தாய் உஷாவிடம் காட்டினேன். அனிருத் எங்கள் கார்தெறிப் பிள்ளை. உஷா சென்னைக்காரி, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறாள், லவாலில் வீடு. பிள்ளையைக் கூப்பிட வந்தவள் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி வாசித்துச் சொன்னாள். "திரு. பற்றிக் தனி ஒருவராக நாற்பத்துமூன்று பதிவுகள், அவற்றுள் மலைப்பக்கத்தின் முதல் கோபுரக் காளான், கூரிய கண் படைத்தவர்" என்று போட்டிருக்கிறதாம். லத்தீன் பெயர் எனக்கு வாயில் வராது, நீ வைத்த பெயரையே எழுதிவிட்டேன். கூரிய கண்! என் வீட்டுக்கு வந்தபோது மேசையில் இருந்த தன் மூக்குக்கண்ணாடியை அரைமணித்தியாலம் தேடிய மனுசன் அவர்.

உஷா சொன்னாள், இப்படிப் பதிவுகளில் கண்டவர் பெயர்தான் உயிராம். நூறு வருசத்துக்குப் பிறகு அந்தக் காளானைத் தேடுகிறவன் அந்தப் பெயரைத்தான் பார்ப்பானாம். எனக்கு அதற்கு மேல் இருக்கமுடியவில்லை. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்று கேட்டேன்.

அவள், "உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாமே" என்றாள்.

"அவளைக் கேட்டால் அவள் வேண்டாம் எண்டுதான் சொல்லுவாள். அதுக்குத்தான் நான் இருக்கிறன்" என்றேன்.

அவள் எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். நாற்பத்துமூன்றையும் கண்டவள் என் தங்கச்சி, பற்றிக் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்ததும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதியாயிற்று. போன திங்கள் தபாலில் போட்டேன். நீ பயப்படாதே. இனி உன் பெயர் வரும். வராவிட்டால் இன்னும் ஒன்று எழுதுவேன்.

உன் அக்கா


மொன்றியல்
25.1.1998

அன்புத் தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லத்தான் இது. செய்தியில் பார்த்திருப்பாய், உறைமழை பெய்து மரங்களும் மின்கம்பங்களும் கண்ணாடி போட்டமாதிரி நின்று முறிந்து விழுந்தன. எங்களுக்கு ஐந்து நாள் மின்சாரமில்லை. லொங்குய்யில் ஜெராட் அண்ணை வீட்டுக்கு இன்னும் வரவில்லை, அவர்கள் ஏழு பேரும் இங்கேதான் படுக்கிறார்கள். காஸ் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சிக் கை ஓய்ந்துபோனது.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் தடைப்பட்டிருக்கலாம். சங்கக்காரரும் பதில் போடவில்லை. பெயரை மாற்றிவிட்டார்களா?

செல்வமலர்


டன்டெனோங் மலையடி
22.2.1998

மதிப்புக்குரிய மச்சாள் அவர்கட்கு,

தங்கள் குடும்பத்தார் அனைவரும் பனி அனர்த்தத்தில் தப்பியது அறிந்து ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறேன். நாங்களும் சுகம் என்றே சொல்லவேண்டும்.

தாங்கள் எழுதிய கடிதத்தின் பலனைத் தாங்களும் அறியவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். சங்கத்து அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்து, "இவற்றை நீங்கள் உங்கள் கண்ணால் கண்டீர்களா?" என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்லாதவன் தொலைபேசியிலும் சொல்லமாட்டான். நான் காணவில்லை, மனைவிதான் கண்டவர் என்றேன். காணாதவன் கையெழுத்து வைத்த படிவம் செல்லாதாம். நாற்பத்துமூன்றையும் நீக்கிவிட்டார்கள். பெயரை மாற்றித் தாருங்கள் என்று நானே கேட்டேன். கண்டவர் அந்த இடத்திலேயே எழுதிய குறிப்பு வேண்டுமாம். அவை என்னிடம் இல்லை.

நான் கள்ளனல்ல மச்சாள். ஊரில் பங்குக் கோவில் குடும்ப அட்டையிலும் நிவாரண அட்டையிலும் வீட்டுத்தலைவன் பெயர்தானே போட்டோம். அது முழு வீட்டுக்கும் பொருந்தியது. இந்தப் படிவத்தையும் அப்படித்தான் நிரப்பினேன். தாங்கள் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நானே திருத்தியிருப்பேன். உலகத்தின் அந்தக் கரையிலிருந்து என்னை அந்நியர் முன் நிறுத்தவேண்டிய தேவை என்ன?

கிறேஸ் இரண்டு கிழமையாக அந்தப் பாதையால் போவதில்லை. பஸ்ஸால் சுற்றிப் போகிறாள்.

பற்றிக்


மொன்றியல்
15.3.1998

என் தங்கச்சிக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பற்றிக்கின் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் அவரில் கோபம் வந்தது. குடும்ப அட்டையாம்! காளானுக்கு என்ன நிவாரணமா கொடுக்கிறார்கள்? நாலாம் தரம் வாசிக்கும்போது என்னிலே வந்தது. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அதற்கு அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. நான் உன் பெயரை ஏற்றப்போய் நீ கண்டதையே அழித்துவிட்டேன். இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை பிள்ளை.

ஆனால் கேள், வழி இருக்கிறது. நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நாளும் போட்டிருக்கிறாய், மரமும் எழுதியிருக்கிறாய், கோபுரக் காளானின் தட்டுக்கூட எண்ணியிருக்கிறாய். உஷா மொழிபெயர்த்துத் தருவாள். அதுதான் உன் குறிப்பு என்று சங்கத்துக்கு அனுப்புகிறேன். ஓம் என்று ஒரு சொல் எழுது.

செல்வமலர்


டன்டெனோங் மலையடி
19.4.1998

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் இருங்கள்.

கடிதங்களை அனுப்பவேண்டாம். அவற்றில் காளான் மட்டுமா இருக்கிறது? பழைய கடிதங்களில் பிள்ளை தங்காமல் போனது இருக்கிறது. இவரோடு பேசாமல் இருந்த நாட்கள் இருக்கின்றன. அவற்றை நான் உங்களுக்கு எழுதினேன். உஷா வாசலில் நின்று வாசிக்க எழுதவில்லை.

நீங்கள் என்னைக் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஓம், எனக்குக் கோபம் வந்தது. முதல் படிவத்திலேயே வந்தது. "கண்டவர் பெயர்" என்ற கட்டத்துக்குள் இவர் தன் பெயரை எழுதும்போது நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றேன். சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று விட்டேன். நாற்பத்துமூன்று தரம் விட்டேன். அது என் பிழை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சஞ்சிகை வந்த பிறகு இவரோடு எப்படிக் கதைப்பது என்று நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பாதையில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நத்தாருக்குச் சொல்லுவது என்று இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் போய்விட்டது.

"அவளைக் கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவாள்" என்று உஷாவிடம் சொன்னீர்களாம். நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லையே அக்கா. இவர் வீட்டுத்தலைவன் என்று என் இடத்தில் எழுதினார். நீங்கள் மூத்தவள் என்று என் இடத்தில் எழுதினீர்கள். இரண்டு பேருக்கும் நான் வாயில்லாதவள். உங்கள் சூப்புக்கு நான் இங்கிருந்து அந்த இயக்குநர் மனுசிக்குக் கடிதம் போட்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இவரோடும் சண்டை பிடித்தேன். கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்தில் முதல்தரம் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவர், "நீ முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்கள் முதலே கேட்டிருக்கலாமே" என்றேன்.

போன கிழமை மழை தொடங்கியது. நான் மீண்டும் பள்ளத்துக்குள்ளால் போகிறேன். சங்கத்து அம்மாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். என் ஆங்கிலத்தை அவர் பொறுமையாகக் கேட்டார். படிவங்கள் அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் யாருக்கும் ஒன்றும் எழுதவேண்டாம்.

கிறேஸ்


டன்டெனோங் மலையடி
21.6.1998

அன்பான அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடப் பிந்தியதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. அத்தான் சுகமா? முழங்காலுக்கு ஊசி போட்டது நல்லது.

இந்த வருசம் மழை போதாது. ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு நாளும் நடக்கிறேன். கையோடு ஒரு கொப்பி, பேனை. கண்ட இடத்திலேயே நின்று தமிழில் எழுதுகிறேன். சங்கத்து அம்மா ஒரு காலை வந்து என்னோடு நடந்தார். அவர் முழங்காலில் இருந்து லென்சால் பார்த்தார், நான் எழுதினேன். தமிழ் எழுத்தைக் காட்டி, இதுவே போதும், கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து படிவத்தை நானே நிரப்புகிறேன். ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது.

இவரும் ஒரு சனிக்கிழமை வந்தார். நீலக்காளான் இவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது. "எங்கை?" என்றார். நான் காட்டவில்லை. குனிந்தார், குந்தினார், பிறகு நாலு காலில் போனார். முக்கால் மணித்தியாலம் போயிற்று. கண்டதும் சின்னப்பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குத் தனியாக ஒரு படிவம் எடுத்துத் தன் பெயரை எழுதினார். அது அவருடையது.

கோபுரக் காளான் இல்லை. அது நின்ற மரத்தைக் கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மரத்தூள்தான் கிடக்கிறது. நான் எட்டு நாள் அங்கே போய்ப் பார்த்தேன். சங்கத்து அம்மாவிடம், இங்கேதான் நின்றது, ஆறு தட்டு என்று சொன்னேன். அவர் நம்பினார். ஆனால் நம்பிக்கையை வரைபடத்தில் புள்ளியாகப் போடமுடியாதாம். மலைப்பக்கத்தில் அது இருந்தது என்று இனி எங்கேயும் பதிவு இல்லை.

இதுவரை ஆறு கண்டிருக்கிறேன். ஆறிலும் என் பெயர் இருக்கிறது, என் கையால் எழுதியது. முப்பத்தேழு இன்னும் குறைகிறது. மழை பெய்தால் அடுத்த வருசம் சிலது வரும். எல்லாம் வராது. வராதவற்றுக்காக எனக்கு இவரிலும் கோபம், உங்களிலும் கோபம். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு நலம் விசாரிக்க இனி என்னால் முடியாது, அதனால்தான் எழுதிவிட்டேன். கோபத்தோடேயே உங்கள் முழங்காலுக்கும் மன்றாடுகிறேன்.

கிறேஸ்